உளுந்தில் விழுந்த கதை

ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

மூன்று பேர் கவனித்திருக்கிறார்கள். கடிதம் வந்திருக்கிறது. ஒருவர், உடம்புக்கு என்ன என்று கேட்டிருந்தார். இன்னொருவர், ‘மறுபடியும் எங்கே ஓடிப்போனீர்கள்?’ என்று கேட்டிருந்தார் — என் பழக்கம் தெரிந்த பழைய வாசகர். மூன்றாமவர், ‘பக்கம் இப்போது படிக்க நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு வருத்தமான செய்தி. வந்துவிட்டேன்.

விஷயம் பெரிதில்லை. சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன்.

கடைசியாக வந்த என் கட்டுரை ஞாபகம் இருக்கிறதா? ‘இருபத்தேழு வருடமாக சைக்கிள் மிதிக்கிறேன், ஒருமுறைகூட விழுந்ததில்லை’ என்று ஒரு பக்கம் முழுக்கப் பெருமை அடித்திருந்தேனே... அதேதான். அந்தக் கட்டுரையைத் தபாலில் போடப் போகும்போதுதான் விழுந்தேன்.

பங்குனி கடைசி. கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினம் போகிறேன். வீட்டுப் பக்கத்திலேயே தபால் பெட்டி இருக்கிறது. ஆனாலும் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் போட்டால்தான் எனக்குத் தபால் போட்ட மாதிரி இருக்கும். இது வியாதி என்று என் மனைவி வசந்தா சொல்வாள்.

நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்தைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவைக்கிற சமயம் அது. எங்கள் பக்கத்தில் இப்போது உளுந்து அடிப்பது ஆளும் இல்லை, மாடும் இல்லை. பஸ்தான். அடிக்கிற ஆட்களெல்லாம் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயாயிற்று. நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். திறந்த கதவு வழியாக உள்ளே என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. முதலில் வெளியே போனது களத்து ஆள். டிரைவர்களும் பழகிக்கொண்டார்கள். உளுந்தைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி பக்குவமாகச் செடி மேல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

இதில் சைக்கிள்காரனுக்கு ஒரு சட்டம் உண்டு. உளுந்தைக் கண்டால் இறங்கித் தள்ள வேண்டும். எங்கேயும் எழுதிவைத்ததில்லை, எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் இறங்கவில்லை.

ஏன்? எனக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் போயிருந்தது. அதன் சக்கரம் போன தடம் செடி நசுங்கி, சப்பையாக, தண்டவாளம் மாதிரி நேராகத் தெரிந்தது. அந்தத் தடத்திலேயே போய்விடலாமே! இருபத்தேழு வருட அனுபவம்... பையில் வேறு பெருமைக் கட்டுரை.

தடம் சப்பையாக இருந்தது உண்மை. ஆனால் பஸ் ஏறின இடத்தில்தானே நெற்று வெடித்து உளுந்து கொட்டியிருக்கும்? கறுப்புத் தாரில் கறுப்பு உளுந்து. சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைக் கொட்டின மாதிரி. முன் சக்கரம் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. நான் வலது தோளை முன்னால் நீட்டிக்கொண்டு தாரில் இறங்கினேன்.

கண்ணைத் திறந்தால் கையில் செடி புரட்டுகிற முள்கம்போடு ஓர் அம்மாள் நிற்கிறார். உளுந்துக்குச் சொந்தக்காரர். பெயர் தையல்நாயகி என்று பின்னால் தெரிந்தது.

“ரத்தம் உளுந்துல படாம அந்தாண்ட நகருங்கண்ணே” என்றார் முதலில். அப்புறம்தான், “அடி பலமா?” என்றார். அதற்கும் அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி, “எறங்கித் தள்ளணும்னு தெரியாதா? ஊருக்குப் புதுசா?”

தோள் வலித்ததைவிட அதுதான் வலித்தது. இந்தத் தாலுகாவில் எனக்குத் தெரியாத வாய்க்கால் மதகு இல்லை. ஊருக்குப் புதுசாம்!

ஆனால் அவர் முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டிவிட்டார். திரும்பி வந்த பஸ்ஸை நிறுத்தி என்னை ஏற்றினார். சைக்கிளைத் தன் வீட்டில் போட்டுவைத்து, மறுநாள் ஒரு டிராக்டரில் கீழ்வேளூருக்கு அனுப்பினார். எல்லாவற்றையும்விட, ரோட்டில் கிடந்த என் கவரை எடுத்துத் துடைத்து, எதிரே நாகப்பட்டினம் போன பஸ் கண்டக்டரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஸ்டாம்பு ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஸ்டாம்பு ஒட்டின கவர் ஒருநாள் தாமதமானாலும் அந்தப் பக்கம் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது அவருடைய எண்ணம்.

அப்படித்தான், நான் விழுந்ததேயில்லை என்ற கட்டுரை, நான் விழுந்து கிடந்த வாரத்தில் அச்சானது.

இனி சேத விவரம்.

எனக்கு — காறை எலும்பில் விரிசல், முட்டி, முகவாய், உள்ளங்கை. சைக்கிளுக்கு — முன் சக்கரம் எட்டு போட்டுவிட்டது, ஃபோர்க் மடங்கிவிட்டது, டைனமோ காணோம், ஒரு பெடல் பாதி. மணி மட்டும் நன்றாக அடித்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்றார் டாக்டர். வசந்தாவுக்கு அது போதவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எலும்பு வைத்தியர் ஒருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவர் கொண்டுவந்த பற்று என்ன தெரியுமா? முட்டை வெள்ளைக்கருவும்... உளுந்து மாவும்! என்னைத் தள்ளிவிட்டதையே என் தோளில் அரைத்துப் பூசினார். இரண்டு நாளில் எறும்பு மோப்பம் பிடித்து வந்தது.

அடிபட்ட வீட்டுக்கு ஊர் வரும். ஹார்லிக்ஸோடு வரும். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ‘எப்படி விழுந்தீங்க?’ உளுந்தில் இறங்காமல் ஓட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? முதல் நாள், ‘ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது’ என்றேன். இரண்டாம் நாள் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்ற ஹேண்டிலை ஒடித்தேன். வார முடிவில் அது தாயில்லாத ஆட்டுக்குட்டி ஆகிவிட்டது. வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கே அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆட்டுக்குட்டி கதை கேட்டுக்கொண்டிருந்தபோது தையல்நாயகி வந்தார். கையில் ஒரு பை. உடைத்த உளுந்து.

“கஞ்சி வச்சிக் குடுங்கம்மா, எலும்பு சீக்கிரம் கூடும்” என்று பையை வசந்தாவிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆடு எங்கண்ணே வந்துச்சு? அன்னைக்கு ரோட்டுல நானும் நீங்களும்தானே இருந்தோம்?”

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் காபி ஆறிவிட்டது. வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பயந்திருந்தாள். பயந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

அன்றைக்குத்தான் சொன்னாள். இனி அந்த சைக்கிள் இந்த வாசல் ஏறக் கூடாது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம். “போன ரத்தமாச்சும் ஊறும்” என்றாள்.

இது வெறும் மிரட்டல் இல்லை. அவள் தம்பி ரவி சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். பக்கத்து வீட்டு போனில் பேசியபோது, அத்தானுக்கு ஒரு மொபெட் வாங்கித் தந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். தெருவில் பாதி வீட்டு வாசலில் மொபெட் நிற்கிறது. நாற்பத்தைந்து வயது ஆள் சைக்கிளில் போனால், பாவம், வெளிநாட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது என்று பார்க்கிற காலம்.

எனக்கோ மொபெட் என்றாலே ஆகாது. நான் எட்டாவதோடு நின்றவன். அதற்கப்புறம் கற்றதெல்லாம் இந்த சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து கற்றது. சைக்கிளில் போனால் நாலு பேர் பேசுவது காதில் விழும். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மொபெட்டில் போனால் மொபெட் பேசுவதுதான் விழும்.

கால் ஓர் இடத்தில் நிற்காத ஜென்மம் வேறு. பதினைந்து வயதில் லாரி கிளீனராக பம்பாய் போனேன். கல்யாணமான பிறகும் ஒருமுறை நாகப்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போனவன், பதினோரு மாதம் கழித்து விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பினேன். அங்கே துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தேன். மீன் வாங்கி வரவில்லை. வசந்தா ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள்.

இப்படிப்பட்டவனைக் கட்டிலில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? நாளெல்லாம் சைக்கிள் நினைப்புதான். அது சுல்தான் பாய் கடையில் கிடந்தது. பாய் ஒன்பது வருடம் சவுதியில் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்து சைக்கிள் கடை போட்டவர். விசாரிக்கச் சொல்லி ஆள் அனுப்பினால், ‘ஃபோர்க் வரல’ என்று பதில் வரும். அடுத்த வாரமும் ஃபோர்க் வரவில்லை. எங்கிருந்து வர வேண்டும், லண்டனிலிருந்தா?

நாலாம் வாரம், வசந்தா ரேஷன் கடைக்குப் போன நேரமாகப் பார்த்துக் கையைத் தொட்டிலில் போட்டபடி மெல்ல நடந்து போய்விட்டேன். சைக்கிள் கொக்கியில் தொங்குகிறது. பின் சக்கரம் இருக்கிறது. முன்னால் ஒன்றும் இல்லை. தலையில்லாத ஆள் மாதிரி.

“ஃபோர்க் வரலீங்களே” என்றார் பாய், என்னைப் பார்க்காமல் காற்றடிக்கிற பம்பைப் பார்த்து. உடனே, “கை எப்படி இருக்கு?” என்றார். நான் சைக்கிளைக் கேட்டால் அவர் கையைக் கேட்கிறார். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

ஐந்தாம் வாரம் சந்தேகம் தீர்ந்தது. வசந்தா ஒரு தட்டில் வைத்து நீட்டினாள்.

பேரீச்சம்பழம்.

“ஏது?” என்றேன்.

“பாய் கடையிலேருந்து.”

முடிந்தது கதை. தட்டில் பன்னிரண்டு பழம் இருந்தது. வேதாரண்யத்து உப்புக் காற்றிலும் வெண்ணாற்று வெள்ளத்திலும் என்னைச் சுமந்த வண்டி... பன்னிரண்டு பழம். சாப்பிடுங்கள், ரத்தம் ஊறும் என்கிறாள். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆறாம் வாரம் டாக்டர் தொட்டிலைக் கழற்றிவிட்டு, எலும்பு சேர்ந்துவிட்டது என்றார். உளுந்தா, தொட்டிலா, எது சேர்த்தது என்று கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, வசந்தா பரணைக் காட்டினாள்.

“அந்த அண்டாவை எறக்குங்க.”

இறக்கினேன்.

“மேல வைங்க.”

வைத்தேன். எதற்கு அண்டா என்று கேட்கவில்லை. சைக்கிளே போனபின் அண்டாவாவது மிஞ்சட்டும். அவள் என் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வலிக்குதா?” என்றாள். இல்லை என்றேன். பொய் சொல்கிறேனா என்று முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, நான் ஆறு வாரமாகப் படுத்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய புடவைச் சுருட்டலை இழுத்தாள்.

பிரித்தால் — புத்தம் புது ஃபோர்க்.

சைக்கிள் இரண்டாம் வாரமே தயாராம். பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவள் போய், பூட்டின ஃபோர்க்கைக் கழற்றச் சொல்லிக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பேரீச்சம்பழம் பாயின் அண்ணன் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்ததாம், எனக்கென்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.

“சைக்கிள் ரெடின்னு தெரிஞ்சா ஒத்தக் கையாலேயே ஓட்டிட்டுப் போயிடுவீங்க. தெரியாதா உங்கள?”

“சரி... அப்ப மொபெட்?”

“அது வேணாம்னு தம்பிகிட்ட அப்பவே சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“மொபெட்டுன்னா நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருப்பீங்க. சைக்கிள்னா கால் வலிக்கும். வலிச்சா வீட்டுக்கு வந்துடுவீங்க.”

சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மீன் வாங்கப் போன கதையைப் பதினாலு வருடத்தில் அவள் ஒருதடவைகூடப் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். நாம் செய்ததை நாம் மறந்துவிட்டால் வீட்டில் எல்லோருமே மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம், இல்லையா?

ஃபோர்க்கைத் தோளில் — இடது தோளில்தான் — சாய்த்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பாய் பூட்டிக் கொடுத்தார். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்று காலை குத்தாலம் வரை போகலாம் என்று கிளம்பினேன். வழியில் ரோட்டில் எள் பரப்பியிருந்தார்கள். இறங்கித் தள்ளினேன். பின்னால் வந்த மொபெட்காரர் ஹாரன் அடித்துவிட்டு மேலேயே ஏறிப் போனார். ஊருக்குப் புதுசு போலிருக்கிறது.

பாதி வழிகூட வரவில்லை. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு பக்கம் எழுதலாம். விஷயமும் இருக்கிறது.

ஆனால், கால் வலிக்கிறது.