பெல்ட்டை இழுத்துப் பிடித்த கல்

பெல்ட் கிரைண்டர் ஒன்றை வீட்டிலேயே செய்துவிடுவது என்று நான் கிளம்பியதற்கு வீம்புதான் காரணம். அப்போது கோலார் தங்கவயலில், கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். வெல்டிங் வைத்த இடத்தை வழவழப்பாக்க அங்கே ஒரு பெரிய பெல்ட் கிரைண்டர் உண்டு. சக்கரங்களின் மேல் உப்புத்தாள் பட்டை விடாமல் ஓடும். இரும்பை அதில் காட்டினால் தேய்த்துத் தள்ளிவிடும். ஒரு நாள் வேலை முடிந்த பிறகு எங்கள் வீட்டுக் காய்கறிக் கத்தியை அதில் தீட்டிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

“இது இன்னா, உங்க வூட்டு அம்மிக்கல்லா?” என்றார், பத்துப் பேர் முன்னால்.

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். “இதவிட நல்லதா ஒண்ணு என் வூட்டுலயே செய்வேன் சார்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியுமா?

கல்யாணம் ஆகாத நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடும் அந்த வேலைக்காகக் கொடுத்ததுதான். வேலை இருக்கும்வரைதான் வீடு. வீட்டுக்குப் பின்னால் அண்ணி கோழி வளர்த்த தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. கோழிகள் சீக்கு வந்து செத்த பிறகு அதை என் பட்டறை ஆக்கிக்கொண்டேன்.

சுரங்கத்துக்காரர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் விட்டதும் கேட்டில் தலை முதல் கால் வரை சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அதற்குப் பிறகும் அண்ணன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று பூட்ஸைக் கழற்றித் தட்டுவார். சட்டைப் பையை வெளியே இழுத்து உதறுவார். அதன் பிறகுதான் படி ஏறுவார். சுரங்கத்துக் கல் ஒரு துண்டு வீட்டில் அகப்பட்டாலும் தங்கத் திருட்டு என்று ஆகிவிடும். வேலையும் போகும், வீடும் போகும். எங்கள் வரிசையில் சின்னப் பிள்ளைகள்கூட, தங்கம் ஓடும் வெள்ளைக் கல்லை எடுத்து விளையாட மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தே வளர்ந்தவன் நான்.

பழைய தண்ணீர் பம்பிலிருந்து அரை எச்.பி. மோட்டார் ஒன்று கிடைத்தது. சக்கரங்களை மரத்தில் கடைந்து வாங்கினேன். மோட்டாரில் ஒன்று, எதிரே ஒன்று, மேலே பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஒன்று. முதல் முறை சுவிட்சைப் போட்டதும் பெல்ட் ஓரமாக நகர்ந்து நகர்ந்து கழன்று கொட்டகை மூலையில் போய் விழுந்தது. மேல் சக்கரத்தின் நடு கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும், அப்போதுதான் பெல்ட் நடுவிலேயே நிற்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவசரத்தில் கோட்டை விட்டேன். கோபத்தில் சக்கரத்தைச் சுவரில் வீசி அடித்து உடைத்துவிட்டு, மறுபடி கடையக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒட்டு பிய்ந்துகொண்டது. உப்புத்தாள் மாதிரியான எமரித் துணியைச் சாய்வாக வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். ஒரு நாள் காயட்டும் என்று விடப் பொறுமை இல்லை. பிய்ந்த முனை என் காதை உரசிக்கொண்டு போனது. அண்ணி மஞ்சள் வைத்துக்கொண்டே திட்டினார்.

“ஒரு காது போனா பரவால்லன்னு செய்யிறியா தம்பி? பொண்ணு குடுக்கிறவன் எண்ணிப் பாப்பான்.”

ஒட்டும் ஒரு வழியாக நின்றது. ஆனால் இரும்பை அழுத்தினால் பெல்ட் வழுக்கியது. மேல் சக்கரத்தை இழுத்துப் பிடிக்க நான் போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்குக்கு அந்த வலு இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் கனமாக எதையாவது தொங்கவிட்டால் போதும் என்று தோன்றியது. மறுநாள் பாலகாட் சுரங்கத்துப் பக்கம் சைக்கிளில் வரும்போது, பழைய மண்மேட்டு ஓரத்தில் ஒரு கல் கிடந்தது. தேங்காய் அளவு இருக்கும், நல்ல கனம். எடுத்துக் கேரியரில் வைத்துக் கட்டினேன். வெள்ளைக் கல் என்பது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. என் மண்டையில் அன்றைக்குப் பெல்ட் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பி சுற்றித் தொங்கவிட்டேன். இயந்திரம் அற்புதமாக ஓடியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அண்ணன் அந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். பகலில் தூங்குவார், கொட்டகைக்குள் தலைகூட நீட்டவில்லை. அண்ணிக்குத்தான் தொல்லை. காயப்போட்ட துணியிலெல்லாம் சாம்பல் நிறத் தூள் படிந்துகிடந்தது.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் அரைக்கிற சத்தம் கேட்டு, கொல்லையில் சாம்பல் தூளும் பறந்தால், கேட்பவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: திருட்டுக் கல்லை அரைத்துத் தங்கம் எடுக்கிறார்கள். யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சுரங்கத்துக் காவலர்கள் இரண்டு பேர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் வயதானவர், மற்றவர் இளவட்டம்.

அண்ணன் அப்போதுதான் குளித்துவிட்டு இட்லிக்கு உட்கார்ந்திருந்தார். பாதி இட்லியோடு எழுந்துவிட்டார்.

“இன்னா சார் விஷயம்?”

“இங்க கல்லு அரைக்கிறதா கேள்வி. பாக்கணும்” என்றார் வயதானவர்.

நான் குறுக்கே பாய்ந்தேன். “கல்லு இல்ல சார், இரும்பு. வாங்க, நானே காட்டுறேன்.” அடுத்த வார்த்தையை வாய்க்கொழுப்பில் சொன்னேன்: “மூக்குக் கண்ணாடிய போட்டுக்கினு வாங்க.”

அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்தார். அவர் கை ஈரமாக இருந்தது. ஏதாவது எக்குத்தப்பாக ஆனால் போவது என் வேலை அல்ல, அவர் வேலை என்பது அந்தப் பிடியில்தான் எனக்கு உறைத்தது.

கொட்டகையில் எல்லாரும் நின்றோம். சுவிட்சைப் போட்டு ஓர் இரும்புப் பட்டையைப் பெல்ட்டில் வைத்தேன். தீப்பொறி சிதறியது. “கல்லுல பொறி இப்பிடி வருமா சார்?” என்றேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைத் தரையில் கிடந்த தூளில் தேய்த்துக் காட்டினேன். கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது. இளவட்டம் சிரித்துவிட்டார். “எனுக்கும் ஒரு கத்தி தீட்டிக் குடுப்பா” என்றார். அண்ணன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அண்ணி டீ போட உள்ளே போனார்.

நான் மோட்டாரை நிறுத்தினேன். பெல்ட் நின்றது. சக்கரத்தின் இரும்புக் கையில் தொங்கிய கல் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வயதானவர் அதையே பார்த்தார்.

“அது இன்னா?”

“வெயிட்டு சார்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அண்ணன் அப்போதுதான் அதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

வயதானவர் கம்பியை அவிழ்த்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கால் ஓர் இடத்தை நனைத்து வெயிலில் பிடித்தார். என் சுத்தியலாலேயே ஒரு மூலையைத் தட்டி உடைத்து, இரும்புத் துண்டின் மேல் வைத்து மாவாக இடித்தார். பதற்றமே இல்லாமல் செய்தார். பிறகு அண்ணியிடம் ஒரு தட்டும் தண்ணீரும் கேட்டார். அண்ணன் இட்லி சாப்பிட்ட தட்டைத்தான் அண்ணி அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தார்.

தட்டைச் சாய்த்துச் சாய்த்து அலசினார். வெறும் கல்லாக இருக்கட்டும், வெறும் கல்லாக இருக்கட்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. மண்மேட்டு ஓரத்தில் கிடக்கும் கல்லில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்து வழிந்து தெளிந்தது. கடைசியில் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு மண்ணும், அதன் நுனியில் நூலிழை அளவு மஞ்சளும் நின்றன.

வயதானவர் தட்டை அசையாமல் பிடித்தபடி கேட்டார்.

“இத்த யாரு கொண்டாந்தது?”

நான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் சார்” என்றார் அண்ணன். “சொரங்கத்து ஷாஃப்டாண்ட கெடந்துது. தம்பி கனமா ஒண்ணு வேணும்னு கேட்டுக்கினு இருந்தான், எடுத்தாந்து குடுத்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்.”

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் எகிறுகிறவன், அந்த ஒரு இடத்தில் மட்டும் பேசவில்லை. அண்ணன் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். “சாப்பாட்டுக்கு வந்துடுவேன்” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தார். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. நான் கொட்டகைக்குள் போய், ஏற்கெனவே அணைத்திருந்த சுவிட்சை மறுபடி அணைத்தேன்.

அன்றைக்கு அவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. அடுத்த நாள் மாலைதான் விட்டார்கள். தானே ஒப்புக்கொண்டதால் விசாரணை சீக்கிரம் முடிந்தது. வேலையை விட்டு நீக்கினார்கள். வீட்டைக் காலி செய்ய அவகாசம் கொடுத்தார்கள். சில மாதங்களில் சுரங்கமே மூடப்பட்டது. அவரோடு வேலை செய்தவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களாக வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் மட்டும் ஊர் வாயில் கல் திருடியவர்.

மாரிகுப்பத்தில் பார்த்த வாடகை வீட்டுக்குச் சாமான் ஏற்றிய நாளில், நானும் அண்ணனும் கட்டிலைத் தூக்கக் குனிந்தோம். அண்ணி பக்கத்தில் இல்லை. அதுவரை கேட்காததை அப்போது கேட்டேன்.

“ஏன்ணா அப்பிடி சொன்ன?”

“நீதான் வாயத் தொறந்துட்டியேடா” என்றார். “உனுக்குத்தான் பொய் வராதே. உண்மைய சொல்லிட்டு உள்ள போய்டுவேன்னு பயந்துட்டேன். அதான் முந்திக்கினேன்.” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

‘அந்தக் கல் நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே கொட்டகையில் கிடந்தது’ என்று பொய் சொல்லத்தான் அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. கட்டிலின் என் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.