இது யாருடைய இடம்?

நிலத்தைப் பார்த்தவுடன் தணிகைவேல் கருவியை இறக்குவதில்லை. தோளில் சாத்தியபடியே, எதிரே வருபவரிடம், "இது யாரு ஜாகாப்பா?" என்று கேட்கிறார். ஏரி நிலமா, புறம்போக்கா, கோயிலுடையதா, காட்டிலாகாவினுடையதா என்று தெரிந்த பிறகே அடுத்த அடி.

ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் விசைத்தறி ஓட்டுபவர், வயது ஐம்பத்திரண்டு. ஊரார் தொலைக்கும் கம்மலையும் மெட்டியையும் தேடிக் கொடுக்கவே சென்னையில் மெட்டல் டிடெக்டர் எனும் பழைய உலோகங்காட்டி ஒன்றை வாங்கினார். முதல் வாரமே, ஆற்றுமணலில் அதைப் பிடித்து நின்றவரைப் புதையல் திருடர் என்று காவல் நிலையத்தில் பகல் முழுவதும் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றுமுதல், எழுத்தில் அனுமதி இல்லாமல் பொத்தானைத் தொடுவதில்லை.

சென்ற ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரைக் கோயில் படியில் தாலிக்கயிறு மாற்றிய பக்கத்து வீட்டு வரலட்சுமி, பழைய கயிற்றைத் தண்ணீரில் விட்டாள். தாலியின் இரண்டு பொன் பொட்டுகளுள் பிறந்த வீட்டார் போட்ட பொட்டு அந்தக் கயிற்றோடேயே போய்விட்டதை வீடு திரும்பியே கண்டாள். கோடையில் ஏரி வற்றியது. வெள்ளிக்கிழமை டிராக்டர்கள் வண்டல் அள்ள வரும் என்று அறிவித்தார்கள்.

"இன்னாண்ணா, கம்பத் தூக்கிக்கினு ஆபீஸ் ஆபீஸா சுத்தறியே! டிராக்டர்காரன் உனுக்கோசரம் நிப்பானா?" என்றாள் வரலட்சுமி.

"நிக்கமாட்டாம்மா. போலீஸ்காரனும் சும்மா வுடமாட்டான்."

வருவாய் அலுவலகம் அவரைப் பாசனத் துறைக்கு அனுப்பியது, அங்கிருந்து சித்தூருக்கு. சித்தூர் அலுவலர் ஹரிபாபு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, தெலுங்கு கலந்து கேட்டார்.

"ஏமய்யா, புதையலா?"

"புதையல் இல்ல சார், தாலி."

"எவரி தாலி?"

"பக்கத்து வூட்டுப் பொண்ணோடது சார்."

பின்வரிசை மேசைகளில் சிரிப்பு எழுந்தது. தணிகைவேல் சிரிக்கவில்லை, ஆடிப்பெருக்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அனுமதிக் கடிதம் தெலுங்கில் கிடைத்தது. ஏரிக்குள் தேடலாம், எல்லைக் கல்லைத் தாண்டிக் கோயில் நிலத்தில் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. கோயில் அலுவலகத்திலோ, அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

வியாழன் மாலை மூன்று மணி நேரம் சேற்றை அளந்தார். கிடைத்தவை பாட்டில் மூடிகளும் ஒரு கொண்டை ஊசியும். கடைசியாக எல்லைக் கல்லருகே கருவி மெல்ல முனகியது. படிக்கட்டுப் பக்கம் சாய்த்தபோது முனகல் வலுத்தது.

"அங்கதாண்ணா! ரெண்டே அடி. தாண்டுண்ணா, யாரு பாக்கறாங்க?" என்றாள் கரையில் நின்ற வரலட்சுமி.

தணிகைவேல் கருவியை அணைத்தார். ஏரிப்பக்கத்துச் சேற்றில் அதைக் கிடத்தினார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லைத் தாண்டி, முழந்தாளிட்டு, பத்து விரல்களையும் சேற்றுக்குள் இறக்கினார்.