சாட்சிக்கு வந்த காதுகள்

ஒரே வாரத்தில் இரண்டு ஹெட்போன்களை மாற்றி வாங்கிவிட்ட ஆரோக்கியசெல்வி, மூன்றாவதையும் திருப்பிக் கொடுப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு திண்டிவனம் பஸ் ஏறினாள். சண்டைக்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. கையில் போன், கவருக்குள் ஹெட்போன், பக்கத்து சீட்டில் சாட்சி சொல்ல எதிர்வீட்டு வீரம்மாள். கடைக்காரனை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழிநெடுக வீரம்மாளிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவளுக்கு நினைப்பு. முன்படியில் நின்ற கண்டக்டருக்கு முழுக் கதையும் தெரிந்துவிட்டது.

"முதல்ல குடுத்தது ஊமை. ரெண்டாவது ஊமைக்குத் தங்கச்சி. இது மூணாவது. என்னைப் பாத்தா அவனுக்கு எப்பிடித் தெரியுதுக்கா?"

"இன்னிக்கு வுடக்கூடாது, செல்வி. நான் பேசறேன் பாரு" என்றாள் வீரம்மாள், அதைவிட ஒரு பங்கு கூடுதல் சத்தத்தில்.

செல்விக்கு நாற்பத்து நான்கு வயது. காலனியில் பாதிப் பேரைப் போல அவளும் கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்கிறாள். பதினேழு வருடமாக ஒரே இடம். பெரிய மெஷின் பாறையைக் கடித்துத் துப்பும். பெல்ட்டில் ஓடிவரும் ஜல்லியிலிருந்து வேர், மண்ணாங்கட்டி, இரும்புத் துண்டு எல்லாவற்றையும் அவள் பொறுக்கி எறிய வேண்டும். அங்கே வாயால் பேசி ஆகாது. தண்ணீருக்கு ஒரு கை ஜாடை, டிப்பர் லாரி வருவதற்கு ஒரு ஜாடை, மேனேஜர் வருவதற்கு ஒரு ஜாடை. மேனேஜருக்கான ஜாடை என்ன என்பதை இங்கே எழுத முடியாது.

வேலை விட்டு வந்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் காலனிக்காரர்கள் பேசினால் வெளியூர்க்காரனுக்குச் சண்டை போல இருக்கும். அவர்களுடைய ஜெபத்துக்கு மைக் வேண்டியதில்லை என்று பங்குச் சாமியாரே கேலி செய்வார். எல்லாரும் ஒரே அளவுக்குக் கத்தியதால் கத்துகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காதுக்குப் பாதுகாப்பு ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு தடவை தந்தார்கள். எங்கிருந்தோ அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, மஞ்சள் நிறத்தில் கிண்ணம் கிண்ணமாக ஒன்றை ஆளுக்கொன்று காதில் மாட்டிவிட்டு, வரிசையாக நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். ஜீப் கேட்டைத் தாண்டியதும் அதை எண்ணி வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நான்கு வருடம் ஆகிறது. மாட்டியிருந்த அந்த அரைமணி நேரம் உலகமே தூங்கப் போனது போல இருந்தது என்று செல்வி இன்றைக்கும் சொல்வாள்.

சரி, ஹெட்போன் எதற்கு? மகள் இசைவாணிக்காக. விழுப்புரத்தில் பி.காம். படித்து முடித்து, தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேறு வேலை தேடுகிற பெண். புருஷன் சகாயராஜ் கட்டட வேலைக்குக் கேரளா போய்விட்டு வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறவன். ஆக, செல்விக்குப் பேச்சுத்துணை என்றால் போனில் வரும் அந்தப் பெண்ணின் குரல்தான். கடையில் வேலை நேரத்தில் போனைக் கையில் எடுக்கக் கூடாது என்பதால் அவள் இடைவேளையில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பி வைப்பாள். செல்வி ஸ்பீக்கரில் போடுவாள். தெருவே கேட்கும். அவளுக்குப் புரியாததை வீரம்மாளின் மருமகள் முகத்துக்கு நேராக நின்று திருப்பிச் சொல்வாள்.

போன வாரம் இரண்டு செய்தி சேர்ந்து வந்தது. முதலாவதை வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, அடுத்ததை நீ மட்டும் கேளு. ஸ்பீக்கர்ல போடாத. யார் கையிலயும் குடுக்காத" என்றது அது. தெருவே கேட்டது. அந்த நிமிஷத்திலிருந்து தெருவுக்கும் தூக்கமில்லை, செல்விக்கும் தூக்கமில்லை. வயசுப் பெண், வெளியூரில் இருக்கிறாள், அம்மா மட்டும் கேட்க வேண்டும் என்கிறாள். நான்கு பேர் நான்கு விதமாக முகத்தை வைத்துக்கொண்டார்கள். எழுதி அனுப்பச் சொல்லலாம் என்றால், மூன்றாம் வகுப்போடு நின்றுபோன செல்விக்கு அதைப் படிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

ஏரிக்கரைக்குத் தனியாகப் போய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தாள். கிரஷர் தூசு ஏறிய ஸ்பீக்கர் கரகரத்தது, மீதியைக் காற்று கொண்டுபோனது. ஒரே ஒரு பெயர்தான் காதில் நின்றது. சுப்புராயன். கிரஷர் மேனேஜர். என் பெண்ணுக்கும் அந்த ஆளுக்கும் என்ன பேச்சு? கிரஷரில் அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும். விஷயம் தெரியாமல் எதைக் கேட்பது? எப்படியாவது அந்தச் செய்தியைத் தன் காதால் கேட்டாக வேண்டும். அதற்குத்தான் ஹெட்போன். அதற்குத்தான் இந்த மூன்று நடை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அடைத்துக்கொள்ளும் கடை அரிபிரசாத்துடையது. செல்வியைப் பார்த்ததுமே அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"யக்கா, இதுவுமா?"

"இதுவுந்தான். ஏம்பா, ஏழைங்கன்னா எதை வேணா தலையில கட்டிடலாம்னு நெனைச்சிக்கினு கீறியா? சத்தமே வரல. எங்க காலனியில பதினோரு பேரு காதுல வச்சிப் பாத்தாங்க. பதினோரு பேரும் சத்தம் பத்தலன்னுதான் சொன்னாங்க. நான் ஒருத்தி பொய் சொல்லலாம். பதினோரு பேருமா பொய் சொல்லுவாங்க?"

"நானும் வச்சிப் பாத்தேன்" என்றாள் வீரம்மாள். "கொசு கத்தறாப்பல கீது."

அரிபிரசாத் ஹெட்போனை அவள் போனிலேயே சொருகி, ஏதோ ஒரு பாட்டைப் போட்டுத் தன் காதில் வைத்தான். வைத்த வேகத்தில் பிடுங்கினான். காதைத் தேய்த்துக்கொண்டே, "அய்யோ, ஃபுல்லுல வச்சிருக்கீங்களேக்கா" என்றான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். அவர்கள் இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, மறுபடியும் நிறுத்தி நிதானமாகக் கேட்டான்.

"அந்தப் பதினோரு பேரும் எங்க வேலை செய்யறாங்க?"

"எல்லாரும் கிரஷருதான். ஒரே கிரஷரு" என்றாள் வீரம்மாள், சாட்சியின் பலத்தைக் கூட்டுகிற பெருமையோடு.

அவன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் செல்விக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்களைச் செவிடுன்றியா?"

"சொல்லலக்கா. இதை மட்டும் இந்தக் காதுல வைங்க" என்று ஹெட்போனின் ஒரு முனையை மட்டும் இடது காதுக்குக் கொடுத்தான். ஒன்றுமில்லை. கம்பி அறுந்த மாதிரி இருந்தது. அதையே வலது காதுக்கு மாற்றச் சொன்னான். ரொம்ப தூரத்தில், கல்யாண வீட்டுக்கு இரண்டு ஊர் தள்ளி நிற்பது போல, பாட்டு வந்தது.

"ஒரே ஹெட்போனுதான். இந்தப் பக்கம் மட்டும் ஏன் கேக்கல?" என்றான்.

"அந்தப் பக்கந்தான் மெஷினு..." என்று ஆரம்பித்த செல்வி நிறுத்திவிட்டாள். பதினேழு வருடமாக இடது பக்கம் மெஷின், வலது பக்கம் பெல்ட். அவள் வாயாலேயே வந்துவிட்டது. பக்கத்தில் வீரம்மாள் இன்னும் சண்டைக்குத் தயாராக நின்றாள். அவளுக்கு இது எதுவும் காதில் விழவில்லை.

அரிபிரசாத் நல்ல பையன். பரிதாபப்படுகிறேன் பேர்வழி என்று நேரத்தைக் கடத்தாமல் வேலையைப் பார்த்தான். ஹெட்போன் சொருகும் ஓட்டையிலிருந்து குச்சியால் கிரஷர் தூசியைச் சுரண்டி எடுத்தான். இரண்டு காதுக்கும் பிரித்துப் போகிற சத்தத்தை ஒன்றாகச் சேர்த்து வலது பக்கமே தள்ளினான். சத்தத்துக்குப் போன் தானாக வைத்திருந்த வரம்பை எடுத்துவிட்டான். தடித்த சத்தத்தைக் குறைத்து, பேச்சு தெளிவாக வரும்படி எதை எதையோ ஏற்றி இறக்கினான். அப்போது திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றது.

"இன்னாப்பா அது?"

"ஒண்ணுமில்லக்கா. இவ்ளோ சத்தத்துல ரொம்ப நேரம் கேட்டா காது கெட்டுப்பூடும்னு போனு சொல்லுது. சரின்னு அமுக்கினாத்தான் மேல போவும்."

"போனு சொல்லுதா?"

"ஆமா. எல்லாப் போனும் சொல்லும்."

செல்விக்கு வந்த ஆத்திரத்தில் கடை சுற்றியது. கையகலப் பொருள். வாங்கி ஒரு வருடம் கூட ஆகவில்லை. சோறு போட்டதில்லை, சம்பளம் கொடுத்ததில்லை. அதற்குத் தெரிகிறது, காது கெட்டுப்போகும் என்று. அது ஒரு தடவை நின்று கேட்கிறது, சம்மதமா என்று. பதினேழு வருடத்தில் இரண்டு கால் உள்ள ஒரு மனுஷன் வந்து அவளிடம் இதைச் சொல்லியிருப்பானா?

"சரின்னு அமுக்கு" என்றாள்.

மகளின் குரல் வந்தது. மெதுவாக, ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"அம்மா, சுப்புராயன் சாரு எனக்கு போன் பண்ணாரு. ஆபீஸ்ல எடை சீட்டு போடற வேலை காலியா கீதாம், எனக்குத் தர்றாராம். ஆனா நீ வேலையிலேர்ந்து நின்னுக்கினாதான் தருவாராம். உங்கம்மாவுக்குப் பத்து வருஷமா காது சரியில்ல, பின்னால டிப்பர் வந்தா தெரியல, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா எங்களுக்குத்தான் பேஜாரு, நீ பக்குவமா சொல்லி நிறுத்திடுன்றாரு. வெளியில தெரிஞ்சா எங்க காதும் போச்சின்னு காலனியே வந்து நிக்குமாம், அதான் சொல்ல வேணான்னாரு. நான் வர்றேம்மா. நீ வூட்ல இரு. எனக்கும் தெரியும்மா. நீ என் வாயைப் பாத்துதான் பதில் சொல்லுவ. அதுக்குத்தான் நான் சின்னதுலேர்ந்தே உன் எதிர்ல வந்து நின்னு பேசுவேன்."

செல்வி இன்னொரு தடவை போடச் சொன்னாள். இரண்டாவது தடவை கேட்டபோது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அது மகளுக்காக. மற்றதெல்லாம் கோபம்.

பத்து வருடமாகத் தெரியுமாம். தெரிந்துகொண்டே பெல்ட் ஓரத்தில் அதே இடத்தில் நிற்க வைத்திருக்கிறான். இடத்தை மாற்றிவிடு என்று சொல்ல அவன் நாக்குக்கு வலித்திருக்கிறது. பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கக் கைக்கு வலித்திருக்கிறது. இப்போது அம்மாவின் காது தீர்ந்துவிட்டது, மகளின் காது புதுசாக இருக்கிறது, கொண்டா என்கிறான். அதையும் அவளிடம் நேராகச் சொல்லத் துணியாமல், தாம்பரத்தில் வேலை கிடைக்காமல் தவிக்கிற பெண்ணிடம் ரகசியமாகச் சொல்கிறான்.

கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று, போனை வாய்க்கு நேரே பிடித்து அவள் மகளுக்குப் பேசினாள். ஒரு வாரமாக யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததை, செங்கல்பட்டு பஸ்ஸுக்கும் விழுப்புரம் பஸ்ஸுக்கும் நின்ற அத்தனை ஜனத்துக்கும் கேட்கும்படி பேசினாள்.

"இசை, வராத. நீ அங்க வேலைக்கு வந்தியோ, நான் உனக்கு அம்மா இல்ல. ஆபீஸ் எங்க கீது? மெஷினுக்கு எதிர்லதான கீது? கதவைச் சாத்தினா சத்தம் வராதா? என் காது போச்சின்னு அவனுக்குப் பத்து வருஷமா தெரியுமாம். எனக்கு இன்னிக்குத்தான்டி தெரியும்!"

ஜனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஹெட்போனை வலது காதில் வைத்துக் கேட்டாள்.

"அம்மா, கத்தாத. எனக்கு நல்லாக் கேக்குது."

"அப்பிடியே கேக்கணும். அதுக்குத்தான் வராதன்றேன்" என்றாள் செல்வி. சொல்லும்போது முதல் தடவையாகக் குரலைக் குறைக்கப் பார்த்தாள். குறைந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீரம்மாளுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க, திரும்பி வருகிற பஸ்ஸில் முழு வழியும் ஆனது. பாதி வாயால், பாதி கிரஷர் ஜாடையால். கடைசியில் புரிந்ததும் வீரம்மாள் தன் இரண்டு காதையும் இரண்டு உள்ளங்கையால் பொத்தி எடுத்துப் பார்த்தாள். மறுபடி பொத்தினாள், எடுத்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது, செல்வி" என்றாள்.

அன்று சாயந்திரமே ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்த பதினோரு பேரின் வீட்டுக்கும் செல்வி போய், காதைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அவர்களில் மூத்தவரான தேவசகாயம், "இந்த வயசுல காதைத் தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்?" என்று சிரித்தார். இன்னும் மூன்று பேர், வேலை போய்விடும் என்று பயந்தார்கள். அவர்களை அவள் திட்டவில்லை. வீரம்மாளையும் சேர்த்து மீதி ஏழு பேர் வருவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலையில் காலனி முனையில் கிரஷர் வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அவளையும் சேர்த்து எட்டுப் பேரும் அதைத் தாண்டிப்போய் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பிரிவுக்கு எதிரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சீட்டு போட்டாகிவிட்டது. கூட்டம் நிறைய. மேல்மலையனூர் பக்கத்து ஆள் ஒருவர் தன் பேரனோடு அடுத்த பெஞ்சில் இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்வருவதைப் பார்த்து, இங்கேயும் நம்மை ஏய்க்கிறார்களா என்று செல்விக்குக் கோபம் மூண்டது. எழுந்து போய்க் கேட்டுவிடலாம் என்று முந்தானையைச் சொருகினாள்.

அப்போது மேல்மலையனூர்க்காரர் கையை ஆட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். அவர் வாயைப் பார்த்தாள்.

"ஏம்மா, வீரம்மாள், ஆரோக்கியசெல்வின்னு எவ்ளோ நேரமா கூப்புட்டுக்கினே கீறாங்க! எட்டுப் பேரு உக்காந்துக்கினு கீறீங்க, ஒருத்தருக்குக் கூடவா காது கேக்கல?"

"கேக்கல" என்றாள் செல்வி. "அதை எழுதி வாங்கத்தாங்க வந்திருக்கோம்."