கோவளத்துக்குச் சுற்றிய பூஸ்டர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் ஆச்சரியப்படக் கூடாது. எழுபதுகளில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காயில் சுற்றும் கடை வைத்திருந்தேன். எரிந்துபோன ஃபேன், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது வேலை. வருகிறவர்களோடு சண்டை போடுவது கூடுதல் வேலை.

என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருத்தன் கோவளத்தில் தேங்காய் வியாபாரம். நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை அப்படித்தான். அவன் தங்கைக்கு நிக்கா நிச்சயமானது. ஆனால் அவன் அத்தா பக்கவாதம் வந்து உள்ளறையில் படுத்த படுக்கை. பந்தல் வரைக்கும் தூக்கிவர முடியாது. "மவ நிக்காவ காதாலயாவது கேக்கணும்டா" என்று சொல்லிவிட்டார். சரி, பந்தலில் மைக், அவர் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் என்று முடிவாயிற்று. நிக்காவோ சாயந்தரம் மக்ரிப் தொழுகைக்கு அப்புறம். அந்த நேரத்தில் அங்கே கரண்ட் பேருக்குத்தான் இருக்கும். பல்பு சிவப்பாய் முழிக்கும், ஆம்ப்ளிஃபயர் வாயே திறக்காது.

"பூஸ்டர் ஒண்ணு சுத்திக் குடு மச்சான். அத்தாவுக்குக் கேக்கலேன்னா நானெல்லாம் இன்னா புள்ள?" என்றான்.

பூஸ்டர் என்றால் குறைந்த வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர். வேண்டிய தடிமனில் கம்பி அப்போதெல்லாம் லேசில் கிடைக்காது. அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். கரண்ட் வெளியே போகிற பக்கத்துக்கு, நடுத்தரக் கம்பியில் ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு சுருள் சுற்றி, முனையோடு முனை சேர்த்து முறுக்கிவிடுவோம். ஆளுக்குப் பாதி பாரம் சுமக்கும். முந்தின வருஷம் என் வீட்டு ரேடியோவுக்கு, பழைய ஃபேனில் உரித்த மெல்லிசுக் கம்பியில் இப்படி ஒன்று சுற்றினேன். அன்றைக்கும் மச்சான்தான் கூடமாட ஒத்தாசை. சும்மா இருக்கும்போதே கொஞ்சம் சுடும். அதன் சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை விடுவேனா! மெட்ராஸுக்கே போய், முதல் தரப் புதுக் கம்பி, அதைவிட நல்ல தடிமனாய் வாங்கி வந்தேன். அப்போதும் இரண்டு சுருள்தான் தேவைப்பட்டது. அடிச்சுருள் ஐந்நூறு சுற்றும் நான். அதற்குள் தோள் கழன்றுவிட்டது. "நீ குந்து மச்சான், மேல்சுருள நான் சுத்தறேன்" என்று அவன் கைப்பிடியைப் பிடித்தான்.

நிக்கா அன்று காலையில் அவன் வீட்டில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். ஒரு பல்புகூட மாட்டவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு உறுமல், வார்னிஷ் நாற்றம், புகை. பிளக்கைப் பிடுங்கினேன். வந்ததே கோபம்! கம்பி விற்றவனைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், வேடிக்கை பார்த்த சமையல்காரரையும் விடவில்லை. உள்ளேயிருந்து அத்தா, "இன்னாடா கருவுது, பிரியாணியா?" என்றார்.

சேர்த்த முனைகளைப் பிரித்து இரண்டு சுருளையும் தனித்தனியாய் விட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. சேர்த்தால் புகை. ஒரே இரும்பின் மேல் இருக்கிற சுருள்களில் ஒன்றுக்கு நாலு சுற்று கூடிப் போனால், அதற்கு வோல்டேஜும் கூடும். அந்த மிச்சம் மற்றதற்குள் பாய்ந்து, வெளியே ஒரு வேலையும் செய்யாமல் இரண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சுடும்.

"எத்தினி சுத்து சுத்தின?"

"ஐந்நூறு. அல்லா சத்தியமா."

"எப்டி எண்ணின?"

"கடையில தேங்கா எண்றாப்லதான். நூறு ஆனா ரெண்டு கொசுறு, அப்பால அடுத்த நூறு." என் முகத்தைப் பார்த்தவன் குரல் இறங்கிவிட்டது. "தங்கச்சி கல்யாணத்துக்குப் போய் கணக்கு பாத்துக்கினா குடுப்பாங்க மச்சான்?"

பத்து சுற்று! தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கும் மேல்சுருள் சுற்றினவன் இவன்தானே, அப்படியானால் என் ரேடியோ பூஸ்டரிலும் இதே கொசுறு இருந்திருக்கிறது. அந்த மெல்லிசுக் கம்பியின் மின்தடை அதிகம். வெட்டியாய்ச் சுற்றுகிற கரண்டை அதுவே இழுத்துப் பிடித்து, வெறும் சூட்டோடு நிறுத்தியிருக்கிறது. நான் தேடிப் போய் வாங்கிய உசத்திக் கம்பியில் தடை ரொம்பக் கம்மி. மட்டக் கம்பி என் மானத்தைக் காப்பாற்றியது, நல்ல கம்பி சந்தி சிரிக்க வைத்தது. அவனைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. தொழில் தெரிந்தவன் நான். எண்ணிப் பார்க்காமல் விட்டவனும் நான்தான்.

நல்ல வேளை, கொசுறு மேல்சுருளில் இருந்தது. பத்து சுற்றை உருவி, முனையைச் சுரண்டி, மறுபடி முறுக்கினேன். அவன் சத்தம் போட்டு எண்ணினான். அரை மணி ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

சாயந்தரம் தெருவில் பல்பெல்லாம் சிவந்தது, எங்கள் ஆம்ப்ளிஃபயர் மட்டும் கணீரென்று விழித்தது. நான் பந்தலுக்குப் போகவில்லை. பயம். அத்தாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஸ்பீக்கரையே முறைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சம்மதம் சொன்ன குரல் அறை முழுக்கக் கேட்டது. அத்தா கண்ணை மூடிக்கொண்டு, விளங்குகிற கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாப்ள கொரலு நடுங்குதுடா" என்றார், பிடியை விடாமலே. "எனக்கும் அன்னிக்கு இப்டித்தான் நடுங்குச்சி."