நடுக்கம் இல்லாத இயந்திரம்

எங்கள் ஃபேக்டரியில் புது பவர் சப்ளை மாட்டிய அன்று பூசணிக்காய் உடைத்தார்கள். பெட்டிக்குச் சந்தனம் பூசி, கதம்பம் சுற்றி, ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். கரண்டு செலவு எவ்வளவோ கம்மியாகும், நம்மிடம் தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டது இதைத்தான் என்று மேனேஜர் பேசினார். நாங்களும் கை தட்டினோம். அந்த லட்டை நான் தின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவள். முகம் பார்க்கலாம் போல மின்னுகிற ஷூக்களுக்குத் தோல் தயாரிக்கிற இடம். தோலின் மேல் பூச்சு ஏற்றி ஓடும் பெல்ட்டில் போட்டால் அது ஓர் இரும்புக் கூண்டுக்குள் நுழையும். உள்ளே புற ஊதா விளக்கு எரியும். அந்த வெளிச்சம் பட்டதும் பூச்சு இறுகிவிடும். கூண்டின் வாயில் நின்று தோலைச் சுருக்கம் விழாமல் விரித்துப் போடுவது என் வேலை. காலையில் நிற்க ஆரம்பித்தால் சாயந்திரம் பஸ்ஸில்தான் உட்காருவேன்.

அந்த வேலையிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. ஷேடு ரூம். முடிந்த தோலை பையர் ஒத்துக்கொண்ட சாம்பிளோடு வைத்து நிறம் சரியா என்று பார்க்கிற இடம். வெளியாட்களுக்குக் கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு கறுப்பில் சிவப்பு ஓடும், இன்னொன்றில் நீலம் ஓடும், ஒன்று பார்க்க நன்றாக இருந்துவிட்டு வெயிலில் பச்சை காட்டும். எனக்கு அது பார்த்ததும் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே இருந்த அம்மா வேலையை விட்டு நிற்கப் போகிறார், அடுத்து நீதான் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். நாற்காலிக்காகவும் வேண்டும், பார்க்கிற ஆசைக்காகவும் வேண்டும். வாழ்க்கையில் இவ்வளவு வெளிப்படையாக வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

கூண்டு விளக்குக்குக் கரண்டு கொடுக்கிற பழைய பவர் சப்ளை பீரோ அளவுக்கு இருக்கும். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள். கரண்டைத் தின்று சூட்டைக் கக்கும். அந்த விளக்கை அணைத்தால் உடனே ஏற்ற முடியாது. ஆற வேண்டும், பிறகு ஏற்றி முழு வெளிச்சம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கூடச் சும்மா எரியவிடுவார்கள். கூண்டின் மூடியைத் திறந்தால் விளக்கைத் தானாக அணைக்கிற சுவிட்ச் ஒன்று உண்டு. மூடி லேசாக ஆடினாலும் அது அணைத்துவிட்டு உற்பத்தி நின்று பேஜாராகிறது என்று, நான் சேருவதற்கு முன்பே அதை ஒயரால் கட்டிப் போட்டிருந்தார்கள். அப்படியும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தோல் உள்ளே சிக்கினால் சிவப்புப் பொத்தானை அழுத்துவோம், பெல்ட்டும் விளக்கும் சேர்ந்து நிற்கும். பிறகு கூண்டின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைப்போம். விளக்கு எரிகிறவரை அந்தப் பெட்டியின் உறுமல் தகட்டில் நடுக்கமாகத் தெரியும். நடுக்கம் நின்றால்தான் மூடியைத் தொடுவோம். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுகிற இரைச்சலில் காது எதற்கும் உதவாது. கையைத்தான் நம்பினோம்.

புதுப் பெட்டி ஒரு சூட்கேஸ் அளவுதான். சூடில்லை, உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. தோல் வராத நேரத்தில் அது விளக்கை அணைக்காது. குறைத்து வைத்து, ஷட்டரை மூடிக்கொள்ளும். வாயில் இருக்கிற சென்சார் தோலைப் பார்த்ததும் ஷட்டரைத் திறந்து ஒரு நொடியில் முழு வெளிச்சம் தரும். மிச்சமாகிற கரண்டு அங்கேதான் மிச்சமாகிறது. நல்ல சாமான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் இனி விளக்கு அணையாது, குறையத்தான் செய்யும் என்பதை மாட்ட வந்த இன்ஜினியர் மேனேஜரிடம் இங்கிலீஷில் விளக்கினாராம். மேனேஜர் தலையாட்டினாராம். எங்களிடம் யார் சொன்னது? லட்டுதான் கொடுத்தார்கள். கட்டிப்போட்ட ஒயரையும் யாரும் அவிழ்க்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் தோல் ஒன்று உள்ளே மடங்கிச் சிக்கியது. பொத்தானை அழுத்தினேன். தகட்டில் கையை வைத்தேன். நடுக்கம் இல்லை. மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு, தோலைப் பிடித்து வாய்ப் பக்கமாக இழுத்தேன். இழுத்த தோலின் நுனி சென்சாருக்கு முன்னால் போனது. தோல் வருகிறது என்று அது முழு வெளிச்சத்தைத் திறந்துவிட்டது. நான் தலையை வெளியே எடுப்பதற்குள் பார்க்கக் கூடாததைப் பார்த்து முடித்திருந்தேன்.

அப்போது வலியே இல்லை. அதுதான் அந்த வெளிச்சத்தின் குணம். சாயந்திரம் பஸ்ஸில் ஏறிய பிறகு இரண்டு கண்ணிலும் மணலை வாரிக் கொட்டியது போல ஆரம்பித்தது. வீட்டுக்குப் போவதற்குள் இமையைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது. என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் வேலை செய்தவர். வெல்டிங் வெளிச்சம் அடித்த கண் போலத்தான் இதுவும் என்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துக் கட்டிவிட்டு, "கம்பெனியில சொல்லு. சொல்லாம வுட்டுறாத" என்றார்.

காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாம்மா இது, பையர் ஆளுங்க வர்ற நேரத்துல? விபத்தே இல்லாத ஃபேக்டரின்னு வாசல்ல போர்டு வச்சிருக்கோம்."

"கண்ணு தொறக்க முடியல சார்."

"ஊர் பூரா மெட்ராஸ் ஐ சுத்துது. உனக்கும் அதான். கண்ணு சரியாவற வரைக்கும் வீட்ல இரு, சம்பளம் கட் பண்ண மாட்டேன். யார் கேட்டாலும் மெட்ராஸ் ஐன்னு சொல்லு. ஷேடு ரூம் உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்."

கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையை நான்தான் அழுத்தினேன்.

கண் சரியாகிவிட்டது. டாக்டரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வேலைக்குத் திரும்பியபோது பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம். இல்லாத நோய்க்காக ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து வந்தேன். பையர் ஆட்கள் வந்தார்கள், புதுப் பெட்டியைத் தடவிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்தினம் கட்டிப்போட்ட ஒயரை அவிழ்த்தார்கள். போன மறுநாள் திரும்பக் கட்டினார்கள்.

ஷேடு ரூம் அம்மா நின்றதும் அந்த வேலையைத் திருப்பத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். பேக்கிங்கில் இருந்தவள், நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நேராக மேனேஜரிடம் போனேன்.

"எனக்குன்னு சொன்னீங்களே சார்?"

"ஷேடுன்னா கண்ணுதாம்மா எல்லாம். கண்ணுல பிராப்ளம் வந்த ஆள எப்படி போடறது? நாளைக்கு ஒரு லாட் ரிஜெக்ட் ஆச்சுன்னா?"

"மெட்ராஸ் ஐ வந்தவங்க ஷேடு பாக்கக் கூடாதா சார்?"

அவர் முகம் மாறவேயில்லை. "அது மெட்ராஸ் ஐயா இன்னான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போய் வேலையப் பாரும்மா" என்றார். வாசல் போர்டுக்கு முன்னால் என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷேடு ரூமுக்கு முன்னால் என் கண் கெட்டுப்போனது. இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. போய் தோலை விரித்துப் போட்டேன்.

போன மாதம் அந்தத் திருப்பத்தூர்ப் பெண் அக்கா கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தாள். கண்டெய்னர் வாசலில் நின்றது. மேனேஜர் இரண்டு தோல்களைக் கையில் மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இது ரெண்டும் ஒண்ணான்னு கொஞ்சம் பாத்து சொல்லும்மா."

"எனக்குத்தான் கண்ணு சரியில்லையே சார்."

நான் ஏதோ தமாஷ் பண்ணியது போலச் சிரித்தார். "கோச்சிக்காதம்மா. வண்டி நிக்குது."

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் தோலை விரித்ததும் கண் தானாகப் போய்விட்டது. அவர் வலது கையில் இருந்த தோலில் சிவப்பு ஓடியது. சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் அந்தத் தோலை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார்.

அந்தப் பெண் லீவு முடிந்து வந்துவிட்டாள். மேனேஜர் இன்னும் தோலோடு என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார். நான் நின்றபடியே பார்த்துச் சொல்கிறேன்.