கடைசி அட்டைக்கு அடுத்து

கேக் கடையின் விலைப் பலகையைப் படிப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு பெமிலா கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். “முட்டை போட்டது, போடாததுன்னு ரெண்டு விலை எழுதியிருக்கு. முந்திரி கேக்குல முட்டை உண்டா இல்லியான்னு எழுதலியே?”

“உண்டு டீச்சர்.”

“உண்டுன்னா எழுதணும்லா. கேக்காம வாங்கிட்டுப் போறவ என்ன செய்வா?”

கடைக்காரர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்தார். எழுதி முடிக்கும்வரை பெமிலா நின்றாள். தக்கலையில் அவளைத் தெரிந்த கடைக்காரர்களுக்கு இது பழகிப்போயிற்று. கல்யாணப் பத்திரிகை, பேருந்து அறிவிப்பு, மருந்துச் சீட்டு எதுவானாலும், எழுதியவர் நினைத்துப் பார்க்காத ஒன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவள் கண் தேடும். “நீ ஜெபம் பண்ணும்போதும் ஓட்டை பாப்பியா?” என்று கணவர் ஜேசுதாஸ் கேட்பதுண்டு.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவள் கணினித்துறைப் பேராசிரியை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் அங்கே மாணவர்களுக்கு நிரல் எழுதும் போட்டி நடக்கும். புதிர்களை வருஷக்கணக்காக அவள்தான் அமைத்து வந்தாள். அவள் புதிர்களில் மனுஷ வாடையே இருக்காது. அ, ஆ, இ என்று மூன்று எண்கள் வரும், ஒரு நிபந்தனை வரும், அவ்வளவுதான். “ஆளும் பேரும் என்னத்துக்கு? லாஜிக்கு போதும்” என்பாள். புதிரில் ஒரு பொத்தல் இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. புதிர் நன்றாயிருந்ததாகவும் யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷம் அந்த வேலையை எபிசனிடம் கொடுத்துவிட்டார்கள். நெய்யூர்க்காரன், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அவன் வகுப்பும் அவள் வகுப்பும் ஒரே சுவரைப் பங்கு போட்டன. அந்தப் பக்கம் சிரிப்பு எழும்பும்போதெல்லாம் பலகையில் ஓடும் அவள் கை நின்றுவிடும். மணி அடித்த பிறகும் அவன் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதைக் கடந்துதான் அவள் ஓய்வறைக்குப் போகவேண்டும். ஒருநாள் அவளும் வகுப்பில் ஒரு தமாஷ் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

“மேடம், நீங்க ஒருக்கா பாத்துச் சொன்னா நிம்மதி” என்று எபிசன் தன் புதிரைக் கொண்டுவந்து நீட்டினான். சரிபார்க்கச் சொல்லித் துறைத் தலைவரும் அவளிடம் சொல்லியிருந்தார்.

ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஊர்ப்பேச்சிலும் கதையைச் சொல்லியிருந்தான். சூசை மாமா கோயில் திருவிழாவுக்குப் போகிறார். அங்கே ஒரு கடையில் சுரண்டிப் பார்க்கும் பரிசு அட்டைகளை வரிசையாக வாங்குகிறார். அட்டையின் இடப்பக்கம் கடைக்காரனின் எண்கள், வலப்பக்கம் மாமா சுரண்டி எடுக்கும் எண்கள். இரண்டிலும் இருக்கும் எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்றுமே பொருந்தாவிட்டால்? “வெறும் அட்டைய மாமா கிழிச்சிப் போடமாட்டாரு. அடுத்த அட்டைக்குக் கெடைக்கிய புள்ளி இதுக்கும் உண்டுன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டு வாங்கிருவாரு.” மொத்தப் புள்ளி எத்தனை என்று நிரல் எழுதவேண்டும்.

படித்துக்கொண்டே வந்தவள் தன் உதடு விரிந்திருப்பதை உணர்ந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். சூசை மாமாவின் மடித்துக் கட்டிய வேட்டிகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் எந்தப் புதிரிலும் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது என்ற நினைப்பு நெஞ்சில் காந்தியது. திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை மாமாவைப் பார்க்கவில்லை.

அங்கே இருந்தது. வரிசையின் கடைசி அட்டை வெறும் அட்டையாக இருந்தால், அதற்கு அடுத்த அட்டை ஏது?

பசித்தவளுக்குச் சோறு கிடைத்ததுபோல இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

“கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

போட்டியன்று அவள் பின்வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தாள். பிள்ளைகள் கேள்வித்தாளைப் படித்துச் சிரிக்கும் சத்தம் கூடம் முழுக்கப் பரவியபோதும் அவளுக்கு வலிக்கவில்லை. சிரியுங்கள், சிரியுங்கள் என்றிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு திரை விடை தவறென்று சிவப்பு காட்டியது, பிறகு இன்னொன்று. மூன்றாம் ஆண்டு சஜிதா எழுந்து நின்றாள்.

“சார், கடைசி அட்டையும் வெறும் அட்டையா இருந்தா என்ன செய்யணும்? அடுத்த அட்டை இல்லியே?”

எபிசனின் முகம் வெளுத்ததைப் பெமிலா பார்த்தாள். அவன் தாளைப் பார்த்தான், சஜிதாவைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

“நல்லா கேட்டா பாத்தியளா! மாமாவும் இதையேதான் கேட்டாரு. கடைக்காரன் முழிச்சான். மாமா அவனுக்க சட்டையப் பிடிச்சாரு. ‘மாமா, விடும், ஒரு புள்ளி தாறேன்’னு கும்பிட்டுட்டான். அப்போ கடைசி வெறும் அட்டைக்கு ஒரு புள்ளி. எழுதிக்கோங்க மக்களே!”

கைதட்டலில் மின்விசிறிச் சத்தம் அமுங்கிப்போனது. இத்தனை நாள் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவனுடைய கதைக்கு ஒரு முடிவாகிவிட்டது. முன்னைவிட நல்ல கதையாகவும் ஆகிவிட்டது.

துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “மேடம் பாத்ததுதானே? உங்க கண்ணுக்கும் தப்பிப் போச்சா?”

தப்பிப்போயிற்று என்று சொன்னால் இத்தனை வருஷப் பேர் போய்விடும். தப்பவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் மறைத்தாள் என்பதற்குச் சொல்ல எதுவுமே மிஞ்சாது.

“மேடம் அன்னைக்கே சொன்னாங்க சார்” என்றான் எபிசன். “நாந்தான் சேக்க மறந்து போட்டேன்.”

கூடம் கலைந்த பிறகு தாழ்வாரத்தில் அவனை நிறுத்தினாள். “எதுக்கு அப்பிடிப் பொய் சொன்னீங்க?”

“விடுங்க மேடம்” என்று சிரித்தான். “உங்க கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?”

பிள்ளைகள் கூப்பிட, அவன் போய்விட்டான். அவன் சொன்னது மரியாதையா, குத்தலா? அவன் முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது. எதையும் சோதித்துப் பார்த்துவிடும் பெமிலாவுக்கு அந்த ஒரு வரியை எந்தப் பக்கத்திலிருந்து சோதிப்பது என்று தெரியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுக்கவாவது செய்திருக்கலாம். அவன்மேல் இருந்த பொறாமை எள்ளளவும் குறையவில்லை. இப்போது அதை வைத்துக்கொள்ள நியாயம்தான் இல்லாமல் போயிற்று.

தக்கலைக்குத் திரும்ப வடசேரியில் பேருந்து மாறி ஏறினாள். பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் கைப்பையை வைத்துக்கொள்வது அவள் வழக்கம். யாரும் பேச்சுக் கொடுக்காமலிருக்க அது நல்ல வழி. மடக்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைப் பெரிய நெகிழிப் பையில் சுமந்துகொண்டு ஒரு பெண் ஏறினாள். விற்றது போக மிச்சம் நிறையவே இருந்தது. இடம் தேடித் தேடிப் பின்னால் வந்தாள். பேருந்து குலுங்க, கம்பியைப் பிடிக்கக் கை போதாமல் தடுமாறினாள்.

பெமிலா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரமாக ஒடுங்கி, நட்சத்திரப் பைக்கும் சேர்த்து இடம் விட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“உங்க பேரு என்னக்கா?” என்று கேட்டாள். பிறகு, கேட்கத் தெரியாதவளைப்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கிறிஸ்மஸ் முடிஞ்சப்புறம் இதுல மிச்சம் வந்தா என்ன செய்வீங்க?”