வெயிலில் வெந்த ரோஸே

ஒயின் ஸ்டோரில் பாட்டில் தூக்குவது சுலபம், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். ஓட்டல் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த வேதனைதான்.

நின்ற பாட்டில்கள்

அறுபது பாட்டிலையும் நிமிர்த்தி அடுக்கி முடித்தபோது சேவியர் அண்ணன் வந்து தன் தலையில் கைவைத்தார். 2006, துபாய்ப் பக்கம் புஜைராவில் ஒரு கடலோர ஓட்டல். எனக்குப் பத்தொன்பது வயது, ப்ளஸ் டூ ஃபெயில். லாண்டரியில் ஆறு மாதம் ஆவியில் வெந்தபின், ஏசி ஸ்டோருக்கு ஒரு மாதம் டிரையல். சொதப்பினால் திரும்ப லாண்டரி. சோடா பாட்டில் நிற்கிறதே, இதுவும் நிற்கட்டும் என்று நினைத்தேன். ஸ்டோர் பொறுப்பு அண்ணன்தான், தூத்துக்குடிக்காரர். "கார்க் காஞ்சா காத்து உள்ள போயிரும்ல. இதுகளைப் படுக்கப் போட்டுட்டு நீ நின்னுக்கிட்டே தூங்கு."

மேசைத்துணி சொன்னது

எங்களிடம் தென் பிரான்ஸ் கடலோர ஒயின்தான் அதிகம். கிரெனாஷ், சின்சோ என்று திராட்சைப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னார் அண்ணன். பரீட்சைக்கே படிக்காதவன் நான். ஒருநாள் ரெஸ்டாரண்டுக்குப் பெட்டி தூக்கிப் போனேன். ஓட்டலில் தங்கியிருந்த பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர், சிவப்பு ஒயினா, இளஞ்சிவப்பு ரோஸேயா, எது நல்லது என்று கேட்டார். இரண்டையும் நான் குடித்ததில்லை. துணியில் சிந்தினால் ரோஸே ஒரே அலசலில் போய்விடும், சிவப்பை மூன்று தடவை ஊறப்போட்டாலும் போகாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அப்போ ரோஸேயே கொண்டு வா."

கம்பத்து வாசம்

ஜூலையில் புது ரோஸே வந்தது. துறைமுகத்தில் வெயிலில் கிடந்த கன்டெய்னர். கார்க் மேலே தள்ளியிருந்தது, இளஞ்சிவப்பு பழுப்பாகியிருந்தது. ஒன்றைத் திறந்தோம். எங்கள் ஊரான கம்பத்தில் பன்னீர்த் திராட்சை லாரி ஒருநாள் வெயிலில் நின்றால் வருமே, அதே வாசம்.

"வெந்துபோச்சுண்ணே."

"மேனேஜருக்கும் தெரியும்டே. கெஸ்ட் கேட்டா, அந்த ஊர்த் திராட்சையே அப்படித்தான்னு சொல்லணுமாம். மாத்திச் சொன்னா கலாஸ், முடிஞ்சது, நீ லாண்டரிதான்."

அன்று சாயங்காலம் அதே அம்மா ரோஸே கேட்டார். பாட்டிலைக் கொண்டுபோனவன் நான். மேனேஜர் பக்கத்து மேசையருகே நின்றார். "நல்லா இருக்குமா?" என்றார் அந்த அம்மா. லாண்டரியின் சூடு முதுகில் ஏறியது. "வெயில்ல கெட்டுப்போச்சு மேடம், வேண்டாம்" என்றேன். அவர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சரி, சிவப்பு கொடு. உனக்காகச் சிந்தாமல் குடிக்கிறேன்."

கெஸ்ட் முன்னாலேயே விஷயம் உடைந்துவிட்டதால் மேனேஜரே மறுநாள் அத்தனை பெட்டியையும் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பினார், மாதம் முடிந்தும் நான் ஏசியில்தான் இருந்தேன், அந்த ஊர்த் திராட்சையே அப்படித்தான் என்று அவர் சொல்லச் சொன்னதை மட்டும் இப்போது உங்களிடம் சொல்லும்வரை யாரிடமும் சொல்லவில்லை.